ஜெபிச்சிட்டு சொல்றேன்

போன வருஷம் தக்காளி சீசனில் நடந்தது இது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி பழுக்க ஆரம்பித்துவிட்டால் எங்களைப் போன்ற வண்டிக்காரர்களுக்கு வீடு என்பது குளித்துத் துணி மாற்றிக்கொண்டு போகிற இடம், அவ்வளவுதான். விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்க வேண்டும். பறித்த பழத்தைக் கிரேட்டில் அடுக்கி மண்டிக்கு ஏற்ற வேண்டும். மண்டியில் தரம் பிரித்ததும் ஓசூருக்கு ஓட வேண்டும். அங்கிருந்து காலி கிரேட்டோடு திரும்பினால் அடுத்த தோட்டக்காரர் போன் அடித்துக்கொண்டிருப்பார். என்னிடம் இருப்பது சின்ன யானை என்று எல்லோரும் சொல்கிற குட்டி வண்டி. யானை என்பது பேரளவில்தான். ராயக்கோட்டை மேட்டில் அது மூச்சு வாங்குவதைக் கேட்டால் எனக்கே பாவமாக இருக்கும். வண்டிக்கு மூச்சு வாங்குகிறதா, ஓட்டுகிறவருக்கா என்று என் மனைவி கேலி செய்வாள்.

மற்ற வண்டிக்காரர்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். என் வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. எங்கள் ஊரில் சபைக்குப் போகிறவர்கள் நாலைந்து குடும்பம்தான். அப்பா கூலிக்குப் போன காலத்திலேயே, ஞாயிறு என்றால் யார் கூப்பிட்டாலும் போக மாட்டார். நான் இந்த வண்டியை வாங்கியபோது போதகர் வந்து அதன்மேல் கை வைத்து ஜெபம் செய்தார். அப்போது சபையார் எல்லோருக்கும் முன்னால், யாரும் கேட்காமலே, "இது ஞாயித்துக்கிழமை ஓடாதுங்க" என்று நானாகத்தான் சொன்னேன். முன்கண்ணாடியில் 'ஜெபமே ஜெயம்' என்று ஸ்டிக்கரும் ஒட்டினேன். தக்காளிக்கு ஞாயிறு எது திங்கள் எது என்று தெரியுமா என்று தோட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலமே பறித்து ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு, திங்கள் காலை வரை பொறுக்கிறவர்களும் உண்டு. என்னைத் திட்டிக்கொண்டேதான் பொறுப்பார்கள்.

எங்கள் சபையில் உலக ஆசையைப் பற்றி அடிக்கடி பிரசங்கம் வரும். குடி, சீட்டாட்டம், சினிமா, நகைநட்டு என்று போதகர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாகத் தலையாட்டுவேன். இதில் எதுவும் என்னிடம் கிடையாது. ஆறு சக்கர வண்டியைப் பற்றி இதுவரை எந்தப் போதகரும் பிரசங்கம் பண்ணியதில்லை.

ஓசூர் போகிற வழியில் பழைய வண்டிகளை விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு ஆறு சக்கர வண்டி நின்றது. போகும்போதும் வரும்போதும் அது விற்றுப்போகாமல் இருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நிறுத்தி, ஏறி உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். என்ன உயரம்! ரோடு முழுக்கக் கண்ணுக்குக் கீழே கிடக்கிறது. சீட்டுக்குப் பின்னால் கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை. சிரிக்காதீர்கள், எனக்கு முதலில் பிடித்தது அந்தப் பலகைதான். இரண்டு பங்கு சம்பாதிக்கலாம், ஷீட் போட்ட வீட்டை எடுத்துவிட்டுத் தளம் போடலாம், தருமபுரியில் நர்சிங் படிக்கிற மகள் லீவுக்குத் தோழிகளைக் கூச்சமில்லாமல் கூட்டி வரலாம் என்றெல்லாம் பிறகுதான் தோன்றியது. அத்தனை பெரிய வண்டியில் நான் முதலில் தேடியது தூங்குகிற இடத்தை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்கலாம்.

நான் பெரும்பாலும் லோடு எடுக்கிற மண்டியின் முதலாளியை அண்ணா என்று கூப்பிடுவேன். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் மண்டியைத் திறக்க மாட்டார். கணக்கில் கறார், பேச்சில் சிக்கனம். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ விஷயம் என்று அர்த்தம். பெங்களூரில் ஒரு பெரிய பார்ட்டி தினமும் சரக்கு கேட்கிறார்களாம். சின்ன வண்டி பத்தாது. நான் கண் வைத்திருக்கிற அந்த ஆறு சக்கர வண்டியைப் பற்றி அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதை எடுத்துக்கொள், ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், முன்பணத்தில் கொஞ்சம் மட்டும் நீ புரட்டு என்றார். ஒரே நிபந்தனை, வாரம் ஏழு நாளும் ஓட வேண்டும். திங்கட்கிழமை வியாபாரத்துக்குத்தான் அந்தப் பார்ட்டிக்குச் சரக்கு அதிகம் வேண்டும் என்பதால் ஞாயிறு தவறவே கூடாது.

எனக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பழக்க தோஷத்தில், "ஜெபிச்சிட்டு சொல்றேங்ணா" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களிடம் நீங்கள் எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பெண் கேட்டுப் போனால், இடம் பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். கேட்டுப் போனவர்களும் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள். பார்க்கலாம், வேண்டாம், வீட்டில் கேட்க வேண்டும், இதைவிட நல்லதாக வருகிறதா என்று பொறுத்துப் பார்க்கிறேன் என்ற எல்லாவற்றுக்கும் எங்களிடம் இந்த ஒரே சொல்தான். சொன்னபடி ஜெபித்துவிட்டுச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்னது அந்த ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை மனைவியிடம் எப்படி எடுப்பது என்று யோசிக்க எனக்கு நாலு நாள் வேண்டியிருந்தது.

அண்ணாவுக்கு எங்கள் பாஷையின் உள்ளர்த்தம் தெரியாது. அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். சாமி காரியத்தில் அவசரப்படக் கூடாது, நிதானமாகக் கேட்டுச் சொல் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் நான் கிரேட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, உங்க சாமி என்ன சொல்லுச்சு?"

கிண்டல் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் கிண்டல் இல்லை. வெளியூர் போன ஆளிடமிருந்து போன் வந்ததா என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். சரி என்று போய்விட்டார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும். இரண்டாவது வாரம் பிறந்தபோது, மண்டிக்குள் நுழையும்போதே அவர் நிற்காத பக்கமாகப் பார்த்து வண்டியை ஒதுக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே விளக்கினார். அவர்கள் குலதெய்வக் கோயிலில் எந்தக் காரியத்துக்கும் பூ கேட்பார்களாம். சாமியின் தலையில் பூவை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்ள வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் செய், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழாவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வர வேண்டும். கிணற்றை ஆழப்படுத்த அவர் பூ கேட்டபோது விழவே இல்லையாம். சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் எல்லோரும் ஆழப்படுத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்தக் கோடை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாராம்.

"எந்தப் பக்கம் உழுந்தாலும் பரவால்லப்பா. உழாம நிக்குது பாரு, அதான் ரோதன" என்றார். பிறகு, என் பூ விழுகிற வரைக்கும் பார்ட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டே போனார்.

மீதி டீயைக் கீழே ஊற்றினேன். என் பூ எப்படி விழும்? நான் வைக்கவே இல்லையே.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பதில் எனக்குத் தெரியும் என்ற பயம்தான். கேட்காமல் இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை அல்லவா? இன்னொரு காரணம் களைப்பு. அந்தச் சீசனில் நான் இருந்த களைப்பைச் சொன்னால் உங்களுக்கே கொட்டாவி வரும். வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும்போது மனைவி வேதம் வாசிக்க ஆரம்பித்த உடனே என் தலை தொங்கிவிடும். ஆமென் மட்டும் சரியான இடத்தில் சொல்லிவிடுவேன். அது நாக்குக்குப் பழகிப்போன வேலை.

மனைவியிடம் ஒருவழியாகச் சொன்னேன். அங்கன்வாடியில் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நான் தளம் போட்ட வீட்டைப் பற்றியும் மகளைப் பற்றியும் நீட்டி முழக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாரத்துல ஒரு நாளுதான் உங்க மொகத்தப் பாக்கறம். அதுவும் இனிமே இல்லைங்களா?" என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் போய்க் கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் வண்டியை எடுத்தேன். முன்பணத்துக்கு ஆகட்டும் என்று, அண்ணாவுக்குத் தெரியாமல் வேறொரு வியாபாரியிடம் லோடு பிடித்தேன். எங்கள் சபை ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. நான் கடந்து போகும்போது ஆராதனை ஆரம்பித்திருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, கைத்தட்டல். வாசலில் என் மனைவியின் செருப்பும், லீவுக்கு வந்திருந்த மகளின் செருப்பும் எனக்குத் தெரிந்தன, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது உச்சி வெயில். ராயக்கோட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். கண் மூடியது எனக்குத் தெரியாது, திறந்தது மட்டும்தான் தெரியும். வண்டி ரோட்டை விட்டு இறங்கி எதிலோ புதைந்து நின்றிருந்தது. கண்ணாடி முழுக்க ஒரே சிவப்பு. ரத்தம் என்று நினைத்து உடம்பைத் தடவிப் பார்த்தேன். நாற்றம் வந்த பிறகுதான் புரிந்தது, அது தக்காளி. தரம் பிரித்துக் கழித்த அழுகல் பழத்தை யாரோ லோடு லோடாக அந்த ரோட்டோரத்தில் கொட்டியிருந்தார்கள். முன் சக்கரம் இரண்டும் அந்தக் குவியலுக்குள் முட்டளவு இறங்கியிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். குவியலுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், அடியில் பாறை. அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். மாட்டுக்குக்கூட ஆகாத தக்காளி என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"ஓட்டறவனே தூங்கிட்டா வண்டிய யாரு சாமி ஓட்டுவாங்க? தூக்கம் வந்தா வூட்டுல போயி படு. இதுல என்னா வெக்கம்?"

அந்த வழியாக வந்தவர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளிவிடச் சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்க்கெட்டில் செய்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? திங்கட்கிழமை காலை நான் மண்டிக்குள் நுழைவதற்குள் அண்ணாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எதற்கு அந்த ரோட்டில் போனாய் என்று அவர் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எவ்வளவு கழுவியும் கண்ணாடி ரப்பரில் தக்காளி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கருக்கு நேரே வந்ததும் நின்றார்.

"நெசமாவே கேட்டியாப்பா?"

அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார் என்றால் அண்ணா அன்றைக்கே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆறு சக்கரமும் எனக்குத்தான். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் தயங்காமல் சொல்லியிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் நம்பிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டிலேயே யாரும் அப்படி நம்புவதில்லை. என்னால் முடியவில்லை.

"இன்னும் கேக்கவே இல்லீங்ணா."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இத்தனை நாளாகவா என்று மட்டும் கேட்டார். பிறகு அங்கே கிடந்த கிரேட்டின் மேல், அவருக்கே பெரிய கஷ்டம் வந்துவிட்ட மாதிரி உட்கார்ந்தார்.

"நீ கேக்கறன்னு சொன்னது அந்தச் சாமிக்கும் கேட்டிருக்கும்ல. அது காத்துக்கிட்டு இருக்காதா?"

நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆண்டவர் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார், அதுவும் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு பேச்சை நம்பிக் காத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வந்தது.

அண்ணா கெடு வைத்துவிட்டார். வருகிற ஞாயிறு மத்தியானம் பெங்களூர் பார்ட்டி நேரில் வருகிறார்கள். அதற்குள் கேட்டுவிட வேண்டும். சரி என்று பதில் வந்தால் நான் மண்டிக்கு வந்து பார்ட்டியைப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று வந்தாலும் போன் செய்து சொல்லிவிட வேண்டும், அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்.

அந்த வாரமும் ஓட்டம்தான். உட்கார நேரமில்லை என்று சொல்வது சாக்கு என்று தெரியும். ஆனால் அது உண்மையும்கூட. ஞாயிறு காலை மனைவியையும் மகளையும் சபைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். கட்டில் விளிம்பில் கையை மடித்து அதன்மேல் நெற்றியை வைத்தேன். ஷீட் சூடேறிப் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

நான் ஜெபிக்க ஆரம்பித்தேன் என்று சொல்வதைவிட வாதாட ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடவில்லையா? ஆஸ்பத்திரி திறந்திருக்கவில்லையா? நாளைக்கு என் மகளே நர்ஸாகி ஞாயிறு டூட்டிக்குப் போகத்தானே போகிறாள்? போதகரே ஞாயிற்றுக்கிழமைதானே அதிகமாக வேலை செய்கிறார்? நான் குடிக்கக் கேட்கிறேனா, சீட்டாடக் கேட்கிறேனா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாமே நல்ல நியாயங்கள். இன்றைக்கும் அவற்றுக்கு எனக்குப் பதில் தெரியாது. சொல்லச் சொல்ல வார்த்தைகள் தீர்ந்துபோயின. கடைசியில், என்னால் முடியவில்லை ஆண்டவரே என்று எதற்கோ சொன்னேன். வண்டி இல்லாமல் முடியவில்லை என்பதற்காகச் சொன்னேனா, இனிமேல் ஓட்ட முடியவில்லை என்பதற்காகச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. அதுவரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

விழித்துப் பார்த்தபோது வாசல் வெளிச்சம் மஞ்சளாக மாறியிருந்தது. நான் தரையில் கிடந்தேன். தலைக்குக் கீழே தலையணை, பக்கத்தில் டேபிள் ஃபேன். யாரோ என் கால்களை நீட்டிவிட்டிருந்தார்கள். நாலு மணி ஆகிவிட்டது என்று தெரிந்ததும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து போனைத் தேடினேன். போன் மனைவியின் மடியில் இருந்தது. அவளும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அண்ணா போன் செய்திருக்கிறார். மனைவிதான் எடுத்திருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று மகள் அப்படியே எனக்கு நடித்துக் காட்டினாள். உங்க சாமி என்ன சொல்லுச்சு என்று அவர் வழக்கம்போலக் கேட்க, இவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

"மொழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டே அப்படியே சாஞ்சு தூங்கிட்டாருங்க. எழுப்ப எனக்கு மனசு வரலீங்க."

கொஞ்சம் இருங்க என்று அந்தப் பக்கம் பார்ட்டியிடம் சொல்கிற சத்தம் கேட்டதாம். அப்புறம் மெதுவாகக் கேட்டாராம்.

"எந்தப் பக்கமா சாஞ்சிருக்கான்?"

என் மனைவி ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எடப்பக்கமுங்க" என்றிருக்கிறாள்.

"அப்ப பூ உழுந்துருச்சும்மா. எழுப்பாத. தூங்கட்டும்."

மகள் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை எழுப்பாத மனைவிமேல் கோபம், தூங்கிப்போன என் உடம்பின்மேல் கோபம். அண்ணாவுக்குப் போன் செய்தேன். வேறொருவரைப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை, காரியம் சரியாக முடிந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. "தூங்கி எந்திரிச்சிட்டியா? சாப்புடு போ" என்று வைத்துவிட்டார். நான் கொல்லைப்பக்கம் போய், அந்த உயரமான சீட்டையும் பின்னால் இருந்த பலகையையும் நினைத்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பிறகு வந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினேன்.

அந்த ஆறு சக்கர வண்டி இப்போது வேறொருவர் கையில் நன்றாக ஓடுகிறது. எதிரே வந்தால் ஹாரன் அடித்து வழி கேட்கும், நான் ஒதுங்கி வழி விடுவேன். பார்க்காமல் இருக்க இன்னும் பழகவில்லை. எங்கள் வீட்டுக்கு இன்னும் ஷீட்தான். பூ கேட்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அண்ணாவுக்கு எங்கள் ஜெபத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குப் பதில் சொன்னது ஆண்டவரா, ஓய்ந்துபோன என் உடம்பா என்று யாராவது கேட்டால் சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. நான் கீழ்ப்படிந்தேன் என்றும் சொல்ல முடியாது. தூங்கித்தான் போனேன். விழித்திருந்தால் மண்டிக்கு ஓடியிருப்பேன்.

சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் வீடு கிடைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், வண்டி வாங்கினவர்கள் எல்லோரும் எழுந்து சொல்கிறார்கள். ஆண்டவர் எனக்கு லாரி கொடுக்கவில்லை, தூக்கம் கொடுத்தார் என்று நான் எழுந்து சொன்னால் யார் அல்லேலூயா சொல்வார்கள்? அதனால்தான் அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சீசனிலும் ஞாயிற்றுக்கிழமை என் வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. மற்ற ஆறு நாளும் அதே ஓட்டம், அதே களைப்பு, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் யாராவது எதையாவது கேட்டால் அந்தப் பழைய வார்த்தை முன்போலச் சட்டென்று என் வாயில் வருவதில்லை. அப்படி வந்துவிட்டால், ஒருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில் அன்றைக்குச் சாயங்காலமே எப்படியாவது முழங்கால் போட்டுவிடுகிறேன். நடுவில் தூங்கிப்போனாலும் இப்போதெல்லாம் என் வீட்டில் யாரும் என்னை எழுப்புவதில்லை.